தொட்டித் திரை: படம் ஒருவர் கையில், நிரல் ஒருவர் கையில்

எங்கள் குடியிருப்பில் தரைக்குக் கீழே ஒரு சம்ப், மொட்டை மாடியில் ஒரு பெரிய தொட்டி. மோட்டார் போடுவது வாட்ச்மேன் ஐயாவின் பொறுப்பு. அவர் அறைச் சுவரில் 7 அங்குலத் தொடுதிரை ஒன்றை மாட்டியிருக்கிறோம். மேலே எவ்வளவு தண்ணீர், கீழே எவ்வளவு, மோட்டார் ஓடுகிறதா என்பதெல்லாம் அதில் ஒரே பார்வையில் தெரியும். மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் அங்கிருந்தே. சென்சார், ரிலே வேலையை இங்கே விரிக்கப் போவதில்லை. மூன்று ஃபேஸ் ஒயரிங் முழுவதும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் செய்தது, அதை நீங்களே செய்யப் போகாதீர்கள். திரையில் தெரியும் படங்களையும் பின்னால் ஓடும் நிரலையும் எப்படிப் பிரித்து வைத்தோம் என்பதுதான் இந்தப் பதிவு.

படங்களை வரைந்தவர் எங்கள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி. நிரல் எழுதத் தெரியாது. கோரல் டிராவும் போட்டோஷாப்பும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் எந்த எழுத்து தெரியும், எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் நிற்கும் என்பதை அவர் சொன்னால் நான் மறுபேச்சு பேசமாட்டேன். அவர் நிரலைத் திறக்காமல் திரையை மாற்ற முடிய வேண்டும், நான் படத்தைத் தொடாமல் நிரலை மாற்ற முடிய வேண்டும் என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டோம்.

இப்படிச் செய்வது புதிதில்லை. 1998-இல் வந்த வினாம்ப் 2 என்ற கணினிப் பாட்டுப்பெட்டியின் ஸ்கின்களை, அதாவது அதன் தோற்றத்தை மாற்றும் படத் தொகுப்புகளை, நினைவிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். ஒரு ஸ்கின் என்பது சில பிஎம்பி படங்களும் சில எழுத்துக் கோப்புகளும் அடங்கிய ஜிப் கோப்பு, அவ்வளவுதான். பின்னொட்டை மட்டும் மாற்றியிருப்பார்கள். முதன்மைச் சாளரம் 275-க்கு 116 பிக்சல். ஒலி அளவுக்கான பட்டை ஒரே படத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக 28 நிலைகளில் வரையப்பட்டிருக்கும். ஒலியைக் கூட்டினால் நிரல் எதையும் வரையாது, அடுத்த நிலையை வெட்டி ஒட்டும். எண்களும் அப்படியே: 9-க்கு 13 பிக்சலில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை வரிசையாக நிற்கும் ஒரு படம். நிரல் எழுதவே தெரியாதவர்கள் வரைந்த அந்த ஸ்கின்களை லினக்ஸில் எக்ஸ்எம்எம்எஸ், பிறகு ஆடேஷியஸ் என்ற வேறு பாட்டு நிரல்களும் அப்படியே ஏற்றுக்கொண்டன. இன்று பிரவுசரில் ஓடும் வெப்ஆம்ப்பிலும் அவை வேலை செய்கின்றன. அந்தப் படங்களுக்காக எழுதப்பட்ட நிரலே வேறாகிவிட்ட பிறகும் படங்கள் பிழைத்திருக்கின்றன. எங்கள் திரைக்கு இதைத்தான் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டேன்.

மொத்தம் மூன்று துண்டு. மோட்டார் அறையில் இருக்கும் இஎஸ்பி32 என்ற சிறிய மின்னணுப் பலகையில் கட்டுப்பாட்டு நிரல். வாட்ச்மேன் அறையில் ராஸ்பெரி பை 3 என்ற கையடக்கக் கணினி (இனி வெறும் 'பை'), அதில் பைத்தான் மொழியும் படம் காட்ட உதவும் பைகேம் நூலகமும் கொண்டு எழுதிய திரை நிரல். மூன்றாவது, தம்பி தரும் படத் தொகுப்பு. பலகையும் பையும் எம்க்யூடிடி என்ற முறையில் சிறு செய்திகளாகப் பேசிக்கொள்கின்றன, அவற்றை நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கும் நிரல் மஸ்கிட்டோ. திரை உறைந்து போனாலும், பையை யாராவது பிடுங்கி எறிந்தாலும், தொட்டி நிரம்பியதும் மோட்டார் நிற்கும். அந்தக் காவல் வேலை திரைக்குத் தெரியவே தெரியாது.

பெயர்கள்

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பது ஒரு பெயர்ப் பட்டியல் மட்டும்தான். தொட்டி, சம்ப், மோட்டார் என்று உறுப்புகளின் பெயர்கள். ஒவ்வொன்றும் எந்தெந்த நிலையில் இருக்கலாம் என்பதற்கான பெயர்கள். ஒரு தாளில் அடங்கிவிடும். அந்தத் தாளை அச்செடுத்து ஃப்ளெக்ஸ் கடைச் சுவரிலும் ஒட்டினேன்.

இதில் நான் விடாப்பிடியாக இருந்த ஒரு விதி: கட்டுப்பாட்டு நிரல் நடந்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும், எதைக் காட்டுவது என்று சொல்லக் கூடாது. 'மோட்டார் ஓடுகிறது' என்று செய்தி வரலாம். 'பச்சை விளக்கைப் போடு' என்று வரவே கூடாது. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் தம்பி பச்சை விளக்கை எடுத்துவிட்டு, சுழலும் விசிறியை வரைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் செய்தி அப்போதும் சரி. இரண்டாவது செய்தி பொய்யாகிவிடும், நான் மோட்டார் அறைக்குப் போய்ப் பலகையில் நிரலை மாற்றி ஏற்ற வேண்டியிருக்கும்.

கண்சிமிட்டல் பற்றியும் இப்படியொரு கேள்வி வந்தது. சம்ப் காலியாகப் போகிறது என்றால் படம் விட்டு விட்டுத் தெரிய வேண்டும். எவ்வளவு வேகத்தில்? அது பார்ப்பவர் கண்ணைப் பற்றிய விஷயம், எனவே படத் தொகுப்புக்குப் போய்விட்டது. 'குறைவு' என்ற நிலைக்கு இரண்டு படம், ஒவ்வொன்றும் 500 மில்லிசெகண்ட் என்று தம்பியே எழுதிக்கொள்கிறார். பலகைக்கு 'குறைவு' என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் தெரியாது.

தொகுப்பில் படங்களோடு ஒரு எழுத்துக் கோப்பும் உண்டு. ஒரு வரிக்கு ஒரு நிலை: உறுப்பின் பெயர், நிலை, படக் கோப்பு, இடமிருந்து எத்தனை பிக்சல், மேலிருந்து எத்தனை பிக்சல். பெயர்களைத் தமிழிலேயே வைத்தோம், ஏனென்றால் வரைபவர் யோசிப்பது தமிழில். அதற்குச் சில முன்னேற்பாடுகள் தேவைப்பட்டன. 'தொட்டி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. நிரலுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள், 'தொட்டி இல்லை' என்று சாதிக்கும். படிக்கும்போதே யூனிகோடின் என்எஃப்சி என்ற முறையில் சீராக்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். பைத்தானில் அது ஒரு வரி வேலை. விண்டோஸ் நோட்பேடில் சேமித்த கோப்பின் தலையில் சில சமயம் ஒட்டிக்கொண்டு வரும், கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறியையும் அங்கேயே உதறிவிட வேண்டும், இல்லையென்றால் முதல் வரியின் பெயர் மட்டும் எதோடும் பொருந்தாது. படக் கோப்புகளின் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் வைக்கச் சொன்னேன். சில ஜிப் மென்பொருள்கள் கோப்புப் பெயரை யூனிகோடில் எழுதுவதில்லை, மறுமுனையில் பிரித்தால் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாக வந்து நிற்கும்.

தொட்டி நிரம்புவது

தொட்டிப் படத்துக்கு எளிய வழி ஒன்று இருந்தது. காலித் தொட்டி ஒரு படம், நிறைந்த தொட்டி ஒரு படம். 70 சதவீதம் என்றால் நிறைந்த படத்தின் கீழ்ப்பகுதியில் 70 சதவீதத்தை வெட்டிக் காலிப் படத்தின் மேல் வைத்தால் போதும். ஆனால் அப்படி வெட்டினால் நீர்மட்டம் எப்போதும் கத்தியால் அறுத்த நேர்கோடாகத்தான் இருக்கும். தம்பி வரைந்திருந்தது வளைந்த தோள்பட்டை கொண்ட கறுப்புத் தொட்டி, உள்ளே லேசாக அலை, மட்டம் ஏற ஏறத் தோள்பக்கம் குறுகும் நீர்ப்பரப்பு. நிலைக்கு ஒரு படம் என்று போனால்தான் அது கிடைக்கும். ஐந்து சதவீதத்துக்கு ஒன்று வீதம் 21 படங்கள்.

ஒவ்வொன்றும் 200-க்கு 260 பிக்சல். ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் 5460 பிக்சல் உயரம். பைகேம் சாதாரணமாக நினைவகத்தில் வைத்து ஒட்டும்போது இது பிரச்சினை இல்லை. பிறகு எப்போதாவது படங்களை ஜிபியுவுக்கு, அதாவது படம் காட்டுவதற்கென்றே உள்ள சில்லுக்கு, மாற்ற நினைத்தால், பை 3-இல் உள்ள வீடியோகோர் 4 என்ற ஜிபியு ஒரு படத்துக்கு 2048-க்கு 2048 வரைதான் ஏற்கும். அதனால் ஒரு வரிசைக்கு 7, மொத்தம் 3 வரிசை என்று கட்டமாக அடுக்கச் சொன்னேன்: 1400-க்கு 780. நினைவகத்தில் விரித்தால் 4.4 எம்பி அளவில் வரும், பைக்கு அது சுமையே இல்லை.

இதில்தான் எது யார் வேலை என்று நன்றாக யோசிக்க வேண்டிய இடம் ஒன்று வந்தது. மோட்டார் ஓடும்போது தொட்டியில் தண்ணீர் தளும்பும், அளவு 72, 73, 72 என்று ஆடும். படிநிலைகளுக்கு நடுவில் உள்ள எல்லை 72.5. ஆகவே படம் 70-க்கும் 75-க்கும் இடையே துடித்துக்கொண்டே இருக்கும். சென்சாரின் நடுக்கத்தைப் பலகையே சில அளவுகளின் இடைநிலையை எடுத்துக் குறைக்கிறது, அது அங்கேதான் நடக்க வேண்டும். ஆனால் மிச்சமுள்ள ஒரு சதவீத ஆட்டம் துடிப்பாகத் தெரிவதற்குக் காரணம், இந்தத் தொகுப்பில் 21 படம் இருப்பது. நாளை 11 படம் கொண்ட தொகுப்பு வந்தால் எல்லைகள் வேறு இடத்துக்குப் போகும். அந்த எண் பலகைக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. எனவே இந்தத் துடிப்புக்கான தடுப்பைத் திரை நிரலில் வைத்தேன்: எல்லையை 1.5 சதவீதம் தாண்டினால்தான் படம் மாறும். 70-இல் இருக்கும் படம் 74 வந்தால் 75-க்கு ஏறும், 75-இல் இருப்பது 71 வந்தால்தான் இறங்கும். பக்கத்தில் எண்ணாகத் தெரியும் சதவீதம் வந்தது வந்தபடி மாறும், அதைப் பார்த்து யாரும் கலங்குவதில்லை.

விரலுக்கு ஒரு படம்

தொடும் இடங்களை எப்படிக் குறிப்பது? பொத்தான் ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்களை எழுதச் சொல்லலாம். தம்பியின் மோட்டார் பொத்தான் வட்டம், அதை ஒட்டி வளைந்து போகும் நிறுத்தப் பொத்தான். செவ்வகத்தில் அடங்காது. அதனால் தொடுவதற்கும் ஒரு படமே வைத்தோம். திரையின் அதே 800-க்கு 480 அளவில் இன்னொரு பிஎன்ஜி. இது திரையில் தெரியாது. மோட்டார் பொத்தான் உள்ள இடம் முழுச் சிவப்பு, நிறுத்து முழு நீலம், மற்ற இடமெல்லாம் கறுப்பு. விரல் பட்ட புள்ளியின் நிறத்தை இந்தப் படத்தில் பார்த்தால் பெயர் கிடைத்துவிடும். எந்த வடிவத்தையும் இப்படிச் சொல்லிவிடலாம் என்பதால் எனக்கு இந்த வழி மிகவும் பிடித்திருக்கிறது.

இன்னொரு வசதி, தெரியும் பொத்தானைவிடத் தொடும் பரப்பைப் பெரிதாக வரையலாம். இந்தத் திரையின் அகலம் 155 மில்லிமீட்டர் அளவு, அதில் 800 பிக்சல், ஆக ஒரு மில்லிமீட்டருக்கு ஐந்து பிக்சலுக்குச் சற்று மேல். உழைத்துக் காய்த்த விரலுக்கு 10 மில்லிமீட்டராவது வேண்டும், அதாவது 52 பிக்சல். தம்பி அதையும் தாண்டி 70 வைத்தார்.

ஆனால் இந்தப் படத்தின் நிறங்கள் துல்லியமாக இருக்க வேண்டும். போட்டோஷாப் தூரிகை ஓரங்களை மென்மையாக்கும், சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே கருஞ்சிவப்பு நிழல்கள் பத்துப் பதினைந்து வந்துவிடும். ஜேபெக்கில் சேமித்தால் இன்னும் மோசம். 'பக்கத்தில் இருக்கும் நிறமாக எடுத்துக்கொள்ளலாமே' என்று தோன்றும். கூடாது. சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் வரும் ஊதா, மூன்றாவதாக வேறொரு பொத்தானுக்குக் கொடுத்த நிறத்தோடு பொருந்திவிடலாம். ஓடுவது மோட்டார் என்னும்போது அப்படி ஊகிக்க எனக்கு மனமில்லை. நிறம் அச்சாகப் பொருந்தினால் பொத்தான், இல்லையென்றால் வெறும் சுவர். அப்புறம் தொகுப்பை ஏற்றும்போதே ஒரு சோதனை: இந்தப் படத்தில் உள்ள நிறங்களை எண்ணி, பட்டியலில் இல்லாத ஒரு நிறம் இருந்தாலும் அது எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தொகுப்பை ஏற்க மறுத்துவிடும். தம்பி ஓர மென்மையை அணைத்துவிட்டு, பென்சில் கருவியால் வரைய ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது.

கேட்டது வேறு, நடந்தது வேறு

மோட்டார் பொத்தானை அழுத்தியவுடன் திரையில் என்ன தெரிய வேண்டும்? 'ஓடுகிறது' என்று உடனே காட்டினால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டியதில்லை. ஒரு ஃபேஸ் போயிருக்கலாம், ஓவர்லோடு ட்ரிப் ஆகியிருக்கலாம், சம்ப் காலி என்று பலகை மறுத்திருக்கலாம். ஆகவே விரல் பட்டதும் பொத்தான் அமுங்கியதுபோன்ற படத்துக்கு மாறுவது திரை நிரலின் வேலை, அது யாரையும் கேட்காமல் உடனே நடக்கும். அங்கிருந்து போகும் செய்தி 'மோட்டார் வேண்டும்' என்ற வேண்டுகோள் மட்டும். பலகை அதை ஏற்றால் 'கேட்டிருக்கிறது' என்ற நிலையை அனுப்பும், ஒயரில் மின்னோட்டம் பாய்வதை சிடி சென்சார் உறுதி செய்த பிறகுதான் 'ஓடுகிறது' வரும். ஐந்து நொடிக்குள் மின்னோட்டம் வரவில்லை என்றால் 'ஓடவில்லை'. சம்பில் தண்ணீர் இல்லையென்றால் 'சம்ப் காலி, மறுப்பு'. ஒவ்வொன்றுக்கும் தனிப் படம்.

"அண்ணே, கேட்டிருக்கிறதுக்கு எதுக்குத் தனிப் படம், ரெண்டு செகண்ட்தானே தெரியப்போகுது?" என்று தம்பி கேட்டார். அந்த இரண்டு நொடிக்குள் ஒன்றும் நடக்காததுபோல இருந்தால் கை மறுபடி அழுத்தும் என்று சொன்னேன். பாதி திரும்பிய விசிறியாக ஒன்றை வரைந்து தந்தார், பார்த்ததும் புரிகிறது.

எம்க்யூடிடி-யில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். நிலைச் செய்திகளை, கடைசியாக வந்ததை மஸ்கிட்டோ வைத்திருக்கச் சொல்லும் 'ரீட்டெயின்' குறியோடு அனுப்ப வேண்டும், அப்போதுதான் திரை அணைந்து எழும்போது கடைசி நிலை உடனே கைக்கு வரும். வேண்டுகோள் செய்திகளுக்கு அந்தக் குறி இருக்கவே கூடாது. இருந்தால் கரண்ட் போய் வந்து பலகை எழும்போது, நேற்று மாலை யாரோ கேட்ட 'மோட்டார் வேண்டும்' காத்திருந்து அதன் கையில் விழும். ஆளில்லாத நேரத்தில் மோட்டார் ஓட ஆரம்பிக்கும்.

ரீட்டெயின் குறிக்கு இன்னொரு முகமும் உண்டு. பலகை செத்துப் போனாலும் கடைசியாகச் சொன்ன 80 சதவீதம் திரையில் அழகாக நிற்கும். பழைய உண்மையைப் புதிய உண்மைபோலக் காட்டும் திரை இல்லாமலிருப்பதே மேல். இதற்காகவே ஒவ்வொரு உறுப்புக்கும் 'தெரியவில்லை' என்ற நிலையைக் கட்டாயமாக்கினேன். பலகை மஸ்கிட்டோவில் சேரும்போதே, தான் காணாமல் போனால் 'தெரியவில்லை' என்று அறிவிக்கச் சொல்லி உயில் எழுதி வைத்துவிடும். பலகை தான் இருப்பதைக் காட்ட வேண்டிய இடைவெளி, அதாவது கீப்அலைவ் நேரம், 10 நொடி, அதன் ஒன்றரை மடங்கு வரை சத்தமில்லை என்றால், அதாவது 15 நொடியில், மஸ்கிட்டோ அந்த உயிலை வெளியிட்டுவிடும். மஸ்கிட்டோவோடு திரையின் தொடர்பே அறுந்தால், திரை நிரல் தானாகவே எல்லாவற்றையும் அந்த நிலைக்குத் தள்ளும். தம்பி அதற்குத் தொட்டியைச் சாம்பல் நிறத்தில் வரைந்து நடுவில் பெரிய கேள்விக்குறி போட்டார். அந்தப் படம் இல்லாத தொகுப்பைச் சோதனை நிரல் ஏற்காது.

எழுத்தும் நிறமும்

திரையில் உள்ள தமிழ் எல்லாம் படம்தான். பைகேமில் தமிழைச் சரியாகக் கோத்துக் காட்ட, எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலைச் சேர்த்துக் கட்டிய எஸ்டிஎல் எழுத்துரு நூலகம் வேண்டும். இல்லையென்றால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்களுக்கு அந்தக் கவலையே வரவில்லை. ஃப்ளெக்ஸ் கடையில் உள்ள அழகான எழுத்துருக்களில் பல பாமினி போன்ற பழைய குறியீட்டு முறையில் இருப்பவை, யூனிகோடு இல்லை. படமாக வந்துவிட்டால் எந்தக் குறியீடாக இருந்தால் என்ன? மாறிக்கொண்டே இருப்பது எண்கள் மட்டும். அவற்றுக்கு வினாம்ப் வழியிலேயே பத்து எண்களும் ஒரு வெற்றிடமும் கொண்ட ஒரு பட்டைப் படம்.

ஃப்ளெக்ஸ் வேலை அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறமுறையில் நடப்பது. பிஎன்ஜி-யில் அந்த முறையே கிடையாது, மாற்றும்போது பளிச்சென்ற நிறங்கள் மங்கும். ஆரம்பத்திலேயே திரைக்கான ஆர்ஜிபி-யில் புதுக் கோப்பு திறந்து வரைந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஓடுவதையும் நிற்பதையும் பச்சை, சிவப்பு என்று நிறத்தால் மட்டும் பிரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இந்த இரண்டு நிறங்களும் பிரித்துத் தெரியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். விசிறி சுழல்வது, நிற்பது என்று வடிவமும் மாறுகிறது.

தம்பி வேகமாக வேலை செய்ததற்குக் காரணம் ஒரு சின்னப் பொய்ப் பலகை. தொட்டியை 0-விலிருந்து 100 வரை மெல்ல ஏற்றி, மோட்டாரை எல்லா நிலைகளுக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு குறுநிரல். அதையும் திரை நிரலையும் அவர் கடைக் கணினியில் போட்டுக் கொடுத்தேன். படத்தைச் சேமித்ததும் திரை நிரல் அதைக் கவனித்து மறுபடி ஏற்றிக்கொள்ளும். மோட்டார் இல்லை, தண்ணீர் இல்லை, நானும் பக்கத்தில் இல்லை. அவர் பாட்டுக்கு வரைந்து, பார்த்து, திருத்திக்கொண்டிருந்தார். இதை யாராவது செய்வதாக இருந்தால் முதலில் இந்தக் குறுநிரலைத்தான் எழுதச் சொல்வேன்.

இரவுக்காகக் கறுப்புப் பின்னணியில் இரண்டாவது தொகுப்பு ஒன்று வந்தது. வாட்ச்மேன் ஐயா கேட்டபடி அதில் சம்பும் தொட்டியும் மட்டும் பெரிதாக, மோட்டார் பொத்தான் கீழே அகலமாக. ஒரு கோப்பைப் பையில் போட்டேன், மாலை 7 மணிக்கு மாறும்படி ஒரு வரி சேர்த்தேன். பலகை நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அடுத்த பிளாக்கில் 1024-க்கு 600 திரை வாங்கி வைத்திருக்கிறார்கள். நீள அகல விகிதம் வேறு என்பதால் படங்களை வெறுமனே பெரிதாக்கினால் தொட்டி பருத்துத் தெரியும். தம்பி கோரலில் உள்ள மூலத்தை எடுத்துப் பின்னணியை மட்டும் புதிதாக வரைந்து, மற்றவற்றை ஒன்றேகால் மடங்கில் மறுபடி எடுக்கிறார். இட எண்கள் கோப்பும் புதிது. தொடுபடத்தைப் பெரிதாக்க வேண்டாம், புதிய அளவில் பென்சில் கருவியாலேயே வரைந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் பெரிதாக்கும்போது மென்பொருள் ஓரங்களில் நிறங்களைக் கலந்துவிடும். பெயர்த்தாள் அதேதான்.